காணாமற்போன 1 மணி 41 நிமிடம்

26 மணி 38 நிமிடம் ஓட வேண்டிய ஒலிநூல் 46 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும் என்று கணிப்பொறி அறிவித்தபோது நாங்கள் ஐவரும் சிரித்தோம். மோகமுள்ளை எவராலும் அவ்வளவு சுருக்கிவிட முடியாது என்ற நம்பிக்கையில் எழுந்த சிரிப்பு. அடுத்த ஐந்து வாரங்களில் அந்த நம்பிக்கை பலமுறை ஆட்டம் கண்டது.

ஒலிநூல் என்றதும் கடையில் விற்கும் ஒன்றை வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். கும்பகோணத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்தவராக இருந்தவர், எங்களில் மூவருக்குப் பள்ளியில் தமிழ் நடத்தியவர். சார் என்றே அழைத்தோம், இங்கும் அப்படியே எழுதுகிறோம். அவருடைய துணைவியாருக்குக் கண் அழுத்த நோயால் பார்வை மங்கி வந்தது. 1995இல் மோகமுள் திரைப்படமாக வந்த சமயத்தில் அநேகமாக முழுவதும் போய்விட்டிருந்தது. இருவரும் திரையரங்குக்குப் போனார்கள். அம்மா வசனத்தையும் பாட்டையும் கேட்டபடி உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்ததும், “புஸ்தகத்துல இதெல்லாம் இவ்வளவு சீக்கிரம் முடியாதே” என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியம் சாரை உறுத்தியிருக்க வேண்டும். 1996 தை மாதத்திலிருந்து, இராச் சாப்பாடு முடிந்தபின், ஊஞ்சலில் அவர் உட்கார்ந்து வாசிக்க, எதிர்ச் சுவரோரம் பாயில் படுத்தபடி அம்மா கேட்பது வழக்கமாயிற்று. பகலில் தாம் பள்ளிக்குப் போனபின் அம்மா மறுபடி கேட்கட்டும் என்று, வாசிப்பதை அப்படியே ஒலிநாடாவில் பதிந்தும் வைத்தார்.

மொத்தம் 18 கேசட்டுகள், எல்லாம் 90 நிமிட வகை. கடைசி கேசட்டில் ஒரு பக்கம் மட்டும், அதிலும் 34 நிமிடம். மற்ற 34 பக்கங்களும் சராசரியாக 46 நிமிடம். (90 என்று அட்டையில் போட்டிருந்தாலும் நாடாவைக் கொஞ்சம் தாராளமாகவே சுற்றியிருப்பார்கள்.) சார் 2021இல் காலமானார். அந்தப் பழைய டேப் ரெக்கார்டர் இரண்டு வருடம் கழித்து அவரைப் பின்தொடர்ந்தது. 2024 சித்திரையில் அம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பார்வையற்றவர் கேட்பதற்காக ஒரு நூலை மாற்று வடிவத்துக்குக் கொண்டுவருவதை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக ஏற்று உறுதிசெய்ததும் இந்தியாதான். இது அம்மாவுக்காக மட்டும் செய்யப்பட்டது, எங்கும் பொதுவில் வைக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம், கேட்டு வரும் நண்பர்களின் நலன் கருதி.

வேண்டியது எளிது. 35 பக்கங்களையும் கணிப்பொறியில் ஏற்றி, ஒரே கோப்பாக்கி, பேரன் விட்டுச்சென்ற கைப்பேசியில் போட்டுவிட வேண்டும். ஒரு பொத்தானைத் தொட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரு கேசட் கடை நண்பரிடம் நல்ல டெக் ஒன்றை இரவல் வாங்கி, முறைவைத்துப் பதிந்தோம். ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். நோட்டு எழுதுவது சாரின் பழக்கம், எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கூட்டிப் பார்த்ததில் வந்ததுதான் அந்த 26 மணி 38 நிமிடம்.

முதல் கோளாறு சிரிப்போடு முடிந்தது. 35 எம்பி3 கோப்புகளை வால் நுனியில் தலையை ஒட்டுவதுபோல் வரிசையாக ஒட்டியிருந்தோம். எம்பி3 என்பது சின்னஞ்சிறு சட்டங்களின் சரம். எங்கள் கோப்பில் ஒரு சட்டத்தில் 1152 ஒலி மாதிரிகள், நேரத்தில் ஏறத்தாழ 26 மில்லிநொடி. மாற்றித்தரும் மென்பொருள்கள் பல, கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு தகவல் சட்டத்தை வைத்து, உள்ளே மொத்தம் எத்தனை சட்டங்கள் என்று எழுதிவிடுகின்றன. எங்கள் முதல் கோப்பில் சுமார் 1,06,000 என்று எழுதியிருந்தது. பின்னால் 34 கோப்புகளை ஒட்டியபோது அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. வீட்டு வாசலில் பழைய குடித்தனக்காரரின் பெயர்ப் பலகை தொங்குவதுபோல, முதல் பக்கத்தின் நீளமே முழு நூலின் நீளமாகக் காட்டப்பட்டது. சில இயக்கிகள் அதை நம்பி 46ஆம் நிமிடத்தில் நின்றுவிட்டன. சில கவலைப்படாமல் தொடர்ந்து பாடின.

இந்த வகைக் குறைவைக் கண்டுபிடிக்கக் காது வேண்டாம், வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும். கோப்பின் எடை 767 மெகாபைட். நொடிக்கு 64 கிலோபிட் என்றால் 8,000 பைட். வகுத்தால் 95,880 நொடி, அதாவது சரியாக 26 மணி 38 நிமிடம். பொருள் முழுதும் உள்ளே இருக்கிறது, முகவரிதான் தவறு. எஃப்எஃப்எம்பெக் கொண்டு மறுசுருக்கம் இல்லாமல் புதுக் கோப்பாக எழுதியதும் தலைப்பு திருந்தியது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்களில் ஒருவர், அத்தியாயக் குறிகள் வைக்கலாமே, விட்ட இடத்தையும் அது தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளுமே என்று எம்4பி வடிவத்தைப் பரிந்துரைத்தார். ஒருமுறை சுருக்கிய எம்பி3யை மறுபடி சுருக்கினால் குரல் தேயும். ஆகவே சுருக்கப்படாத வேவ் கோப்புகளிலிருந்து தொடங்கினோம். எல்லாவற்றையும் ஒரே வேவாக இணைத்து, அதிலிருந்து மாற்றினோம். வந்தது 13 மணி 31 நிமிடம் 35 நொடி.

கிட்டத்தட்டப் பாதி என்றதும் எல்லோருக்கும் ஒரே ஊகம்: எங்கோ இருமடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஆனால் குரல் குரலாகவே இருந்தது. மேலும், 26 மணி 38 நிமிடத்தில் பாதி 13 மணி 19 நிமிடம். அந்த 12 நிமிட வித்தியாசத்தை நோட்டு வைத்திருந்தவர்தான் விடாமல் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கோப்பின் முடிவுக்குப் போய்க் கேட்டோம். ஒரு சொல்லின் நடுவில் அறுந்து நின்றது. பாபு வாயைத் திறந்துவிட்டான், என்ன சொன்னான் என்பது இல்லை.

விடை இதுதான். பழைய வேவ் வடிவத்தில் ஒலியின் அளவை எழுத 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் 429,49,67,295. எங்கள் ஒற்றைத்தட ஒலிக்கு நொடிக்கு 88,200 பைட். வகுத்தால் 13 மணி 31 நிமிடம் 35 நொடி, துல்லியமாக. வட்டில் 845 கோடி பைட் இருந்தும், அதைச் சொல்லத் தலைப்பில் இடம் இல்லாததால், மாற்றும் மென்பொருள் பாதி வழியில் நூல் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டது. இரட்டைத்தடமாக இருந்திருந்தால் 6 மணி 45 நிமிடத்திலேயே முடிந்திருக்கும். அந்த வடிவத்தை 1991இல் வகுத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. அன்று யாருடைய வீட்டுக் கணிப்பொறியிலும் அவ்வளவு பெரிய வட்டு கிடையாது. பெரிய கோப்புகளுக்கென்று ஆர்எஃப்64 போன்ற வடிவங்கள் பின்னால் வந்தன. நாங்கள் அதற்கும் போகவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் இழப்பில்லாத ஃபிளாக் கோப்பாக்கி, தனித்தனியே மாற்றி, கடைசியில் மட்டும் இணைத்தோம்.

இவ்வளவு தூரம் கணக்கிலேயே வந்தோம். கணக்கு கைவிட்டது இதற்குப் பிறகுதான்.

23ஆம் பக்கம், அதாவது 12ஆவது கேசட்டின் ஏ பக்கம், நோட்டில் 46 நிமிடம், புதுக் கோப்பில் 42 நிமிடம் 16 நொடி. மொத்த நீளத்தின் நடுவே இந்த நாலு நிமிடத்தை நாங்கள் கவனிக்கவே இல்லை. கவனித்தவர் அம்மா. மாதிரிக்காகச் சில பக்கங்களைக் கைப்பேசியில் போட்டுக்கொடுத்திருந்தோம். மூன்றாம் நாள் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அந்த ஒண்ணுல மட்டும் அவருக்கு வயசு கொறைஞ்சிருக்கு தம்பி. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த குரல்.”

எங்களில் ஒருவர், நொடிக்கு 44,100 மாதிரியைவிட 48,000 உயர்ந்தது என்று எங்கோ படித்துவிட்டு, அந்த ஒரு கோப்பில் எண்ணை மட்டும் மாற்றி வைத்திருந்தார். உள்ளிருக்கும் ஒலியை மறுமாதிரி எடுப்பது வேறு, மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மாற்றுவது வேறு. சீட்டை மட்டும் மாற்றினால் அதே மாதிரிகள் வேகமாக வாசிக்கப்பட்டு, நேரம் எட்டு சதவீதம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. ஒரு கட்டையில் பேசிய மனிதர் ஒன்றரையைத் தாண்டி இரண்டைத் தொட எத்தனிக்கும் அளவுக்கு ஏற்றம். சங்கீதத்தைப் பற்றிய ஒரு நாவலை ஏற்றும்போதா இந்தப் பிழை நேர வேண்டும் என்று நொந்துகொண்டோம். பார்வையுள்ள ஐந்து பேர், ஒலியலையைத் திரையில் வரைபடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

சரிசெய்துவிட்டோம். சரிசெய்த பிறகு அம்மா, “அதையும் எங்கேயாவது வச்சிருங்க” என்றார். தனிக்கோப்பாக வைத்திருக்கிறோம்.

அதன்பின் எங்களுக்குச் சந்தேக நோய் பிடித்தது. 9ஆம் பக்கத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் சாரின் குரல் மெல்ல மெல்ல உயர்ந்து விரைந்தது. இதுவும் எங்கள் கைங்கரியம்தானா என்று மூல கேசட்டைப் போட்டால் அதிலும் அப்படியே. பின்னணியில் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தின் டிக் ஓசை கேட்கிறது. பக்கம் முடியும் தறுவாயில் டிக்குகள் நெருங்கி வருகின்றன. அம்மாவைக் கேட்டோம். “கரெண்ட் போயிருக்கும். பேட்டரியில ஓட்டியிருப்பார்” என்றார். மின்கலம் சோர்ந்தால் பதியும்போதே நாடா மெதுவாக நகரும். பிறகு சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் விரைந்து கேட்கும். சார் வாசித்த நேரத்தைவிட நாடாவில் இருக்கும் நேரம் குறைவு. மாற்றியதில் குறைந்ததல்ல, பிறவியிலேயே குறை. கடிகாரத்தை அளவுகோலாக வைத்து இழுத்து நேராக்கிவிடலாம் என்றார் ஒருவர். அது 1996ஆம் ஆண்டின் ஒரு மின்வெட்டு, அதைத் திருத்த நாம் யார் என்றார் இன்னொருவர். இரண்டு மாலைகள் இதிலேயே போயின. திருத்தவில்லை. சரியான முடிவுதானா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒற்றுமையில்லை.

இப்படியாக ஆனி மாதக் கடைசியில் முழு நூலும் ஒரே கோப்பாக, அத்தியாயக் குறிகளோடு ஆயத்தமானது. நீளம் 24 மணி 57 நிமிடம்.

1 மணி 41 நிமிடம் குறைவு. இந்த முறை நாங்கள் சிரிக்கவும் இல்லை, தேடவும் இல்லை. இங்கேதான் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தின் தொடக்கம் இருந்தது, கடைசிப் பக்கத்தின் முடிவு இருந்தது, இடையில் எங்கு தொட்டாலும் வாக்கியம் முழுசாக இருந்தது. புத்தகத்தை விரித்து வைத்துப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒப்பிட்டோம். ஒரு சொல்கூடக் குறையவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் முன்னும் பின்னும் இருந்த வெற்று நாடா போயிருக்கும் என்று ஆளுக்காள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். 35 பக்கத்துக்கும் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போட்டால் கணக்கும் ஏறக்குறையச் சரியாக வந்தது. களைத்துப்போனவனுக்கு ஏறக்குறையச் சரியாக வரும் கணக்கைப்போல் இனியது வேறில்லை.

அம்மா ஒரு வாரம் கேட்டார். குறை சொல்லவில்லை. போனபோது காப்பி கொடுத்தார். தெளிவாக இருக்கிறது, இரைச்சலே இல்லை என்றார். நாங்கள் எழுந்திருக்கும்போது, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“அவர் மட்டும்தான் இருக்கார். நான் எங்கே?”

புரியவில்லை எங்களுக்கு.

“நான் ம் கொட்டுவேனே. இவர் நிறுத்தி நிறுத்திப் படிப்பார், நான் ம்-னு சொன்னாத்தான் மேல போவார். சில சமயம் ‘தூங்கிட்டியா’ம்பார். நான் இல்லைம்பேன். இப்ப அவர் கேக்குறது இருக்கு, நான் சொல்றது இல்லை.”

கதை சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ம் கொட்ட ஆளில்லாமல் நம் ஊரில் எந்தப் பாட்டியும் கதை சொன்னதில்லை. அன்றிரவே உட்கார்ந்து பார்த்தோம். இரைச்சல் நீக்கும்போது, அதனோடு வந்த இன்னொரு வசதியையும் ஒருவர் நல்லெண்ணத்தில் தேர்ந்திருந்தார். மைனஸ் 40 டெசிபலுக்குக் கீழே ஒரு நொடிக்கு மேல் நீடிக்கும் அமைதியை அரை நொடியாகச் சுருக்குவது. சாரின் மடியில் ஒலிவாங்கி. அம்மா எதிர்ச் சுவரோரம், பத்தடி தள்ளி. சாரின் குரல் மலை என்றால் அம்மாவின் ம் தரையோடு தரையாக ஒரு கோடு. முதலில் நாடாவின் சீற்றத்தை அகற்றியபோது அதில் பாதி கரைந்தது. மிச்சத்தை மென்பொருள் அமைதி என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டது.

மூலப் பதிவைச் செவிப்பொறியில் முழு ஓசை வைத்துக் கேட்டோம். எல்லாம் இருந்தது. பாபுவுக்கு ரங்கண்ணா சொல்லிக்கொடுக்கும் பகுதிகளில் சார் மிக நீண்ட இடைவெளி விடுகிறார். அதில் பக்கம் புரளும் ஓசை, ஊஞ்சல் சங்கிலியின் கிரீச், தொலைவில் சாரங்கபாணி கோயில் மணி, பிறகு அந்த ம். ஓரிடத்தில் ம் சிரிப்பாக மாறுகிறது. இன்னோரிடத்தில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சார் காத்திருக்கிறார். மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்கிறது. அவர் எதுவும் கேட்காமல் புத்தகத்தை மூடும் ஓசை, அத்தோடு அன்றைய பதிவு முடிகிறது. தி. ஜானகிராமன் வானொலியில் பல காலம் வேலை பார்த்தவர். செவிக்கு எங்கே இடைவெளி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் அவருடைய நாவலிலிருந்து இடைவெளிகளை மட்டும் தேடித்தேடிப் பொறுக்கி எறிந்திருந்தோம்.

மறுபடி மூலத்திலிருந்து தொடங்குவதில் ஒரு சிக்கல். மொத்த மூலப் பதிவும் 8 ஜிபி பென் டிரைவில் அடங்கவில்லை என்று, வேலை முடிந்ததாக நினைத்து, 24 முதல் 28 வரை ஐந்து பக்கங்களை நாங்களே அழித்திருந்தோம். ஐந்நூறு ரூபாய்க்கு இன்னொரு பென் டிரைவ் வாங்கியிருக்கலாம் என்பது பிற்பாடு எல்லோருக்கும் தோன்றியது. கேசட்டுகளை மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. 12, 13 இரண்டும் நல்லபடியாக ஓடின. 14ஆவது, முதல் தடவையே பூசணம் பிடித்துப் பழுப்புப் பொடி உதிர்த்துக்கொண்டுதான் ஓடியது. இம்முறை ஏ பக்கம் முடிந்து திருப்பிப் போட்டதும் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு இடத்தில் அறுந்தது. பழுதுபார்ப்பவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி இழுத்தால் மேற்பூச்சே உரிந்துவிடும், தொடாதீர்கள் என்றார்.

ஆக, 34 பக்கங்கள் முழுமையாக. 28ஆம் பக்கம் மட்டும், சொற்கள் எல்லாம் இருக்க, இடைவெளிகள் வெட்டப்பட்ட நிலையில். இரைச்சல் நீக்கவில்லை, எதையும் சுருக்கவில்லை. சீற்றம் அப்படியே கேட்கிறது. கோப்பின் நீளம் 26 மணி 35 நிமிடம். 3 நிமிடம் குறைவு. அது எந்த கேசட், எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆடி வெள்ளியன்று போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அழித்ததையும் சேர்த்துத்தான். சற்று நேரம் பேசாமல் இருந்தார். கைப்பேசியைத் தடவி, பொத்தானைத் தேடிக்கொண்டே சொன்னார்:

“அந்த மூணு நிமிஷம் நான் தூங்கிட்டேன்னு வச்சுக்குங்க.”